ரெண்டு சைஸ் பெரிய துவக்கு

1

முதலிலயே வெக்கத்தை விட்டுச் சொல்லிப்போடுறன். மலையில நிக்கிற பெரிய மானைச் சுட எண்டு நான் வாங்கின துவக்கை, எங்கட சனம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சப்பாத்து வாங்கிற மாதிரித்தான் வாங்கினனான். ரெண்டு சைஸ் பெரிசா. மலிவாக் கிடைக்குது, பெரிசா இருந்தா நல்லதுதானே, பிறகு உதவும். பிள்ளைக்கெண்டாலும் கால் வளரும். ஐம்பது வயதில எனக்குத் தோள் வளரும் எண்டு என்ன நம்பிக்கையில வாங்கினனோ தெரியாது.

ரெண்டாவது வெக்கம் இதைவிடப் பெரிசு. அந்தத் துவக்கால நான் ஒரு உயிரைச் சுட்ட நேரம் என்ர ரெண்டு கண்ணும் மூடி இருந்தது.

இதை எழுத வைச்சது நேற்று வந்த ஒரு ரெலிபோன். துவக்கை விக்கிறதுக்கு விளம்பரம் போட்டிருந்தனான். இங்க சுவிசில, ஓர்லிகோனில சாமான் கடை வைச்சிருக்கிற சுதன் எண்ட ஒருத்தர் எடுத்தார். நாற்பது வயது இருக்கும். வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிட்டாராம்.

"அண்ணை, முன்னூறு மக்னம் எண்டு போட்டிருக்கிறியள். படத்தில பாத்தா புதுசு மாதிரிக் கிடக்கு. ஏன் விக்கிறியள்?"

"தோள் நோ, தம்பி" எண்டன்.

அவர் பாவம், நம்பீட்டார். "எனக்குப் பட்ஜெட் கொஞ்சம் இறுக்கம் அண்ணை. பெரிய மிருகத்துக்கு என்ன கலிபர், என்ன அளவு ரவை நல்லம் எண்டு நீங்களே சொல்லுங்கோவன்" எண்டார். நான் கதிரையில சாய்ஞ்சு இருந்து நாற்பது நிமிசம் வகுப்பெடுத்தன். என்ர மனுசி ரஞ்சி பக்கத்தில உடுப்பு மடிச்சுக்கொண்டிருந்தவ. "தோள் நோ" எண்ட இடத்தில ஒருக்கா நிமிந்து என்னைப் பாத்தா. திரும்பவும் குனிஞ்சு மடிக்கத் தொடங்கினா. அந்தப் பார்வைக்குத்தான் இவ்வளவு எழுத்தும்.

2

நான் பீல் எண்ட ஊரில மணிக்கூட்டுக் கூடு மினுக்கிற ஒரு தொழிற்சாலையில இருபத்தைஞ்சு வருசத்துக்கு மேல வேலை. உங்களிட்ட இருக்கிற விலை கூடின மணிக்கூட்டில உங்கட முகம் தெரியுதெண்டா, அது என்ர கைவேலையாகவும் இருக்கலாம். இல்லாட்டி என்ர பக்கத்து மேசைக்காரன் ரூடியின்ரயாகவும் இருக்கலாம். ரூடி ஓபர்லாண்ட் மலைக்காரன், என்னைவிடப் பத்து வயது மூப்பு. ஒரு நாளைக்கு எட்டு வசனம் கதைப்பான். அதில ஆறு மிருகங்களைப் பற்றினது.

ஒரு சனிக்கிழமை "மலைக்கு வா" எண்டு கூப்பிட்டான். போனன். அடுத்த சனியும் போனன்.

ஏன் போனன் எண்டதையும் சொல்லோணும். வீட்டில இருக்கேலாமல்தான் போனன்.

ரஞ்சிக்கு ஒரே தம்பி, சசி. வன்னியில, விசுவமடுவில சங்கக்கடை மனேச்சர். வாழ்க்கையில அவன் தூக்கின ஆயுதம் தராசு மட்டும்தான். சமாதான காலத்தில யாரும் இங்க வந்தால் அவையிட்ட மரை வத்தல், காயவைச்ச மான் இறைச்சி, சுத்திக் குடுத்து விடுவான். சூட்கேஸ் முழுக்க மணக்கும், கொண்டுவந்த ஆள் என்னைத் தூசணத்தில ஏசும். 2009 தொடக்கத்தில, கடைசிச் சண்டை நேரம், ஒரு நாள் ரெலிபோன் எடுத்தவன். "அக்கா, நாங்கள் இடம் மாறப்போறம், பிறகு எடுக்கிறன்." பிறகு எடுக்கேல்லை.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வந்து குடியிருந்தது காணாமல் போன ஆளைத் தேடுற படிவங்கள். கொழும்புக்கு ஒண்டு, ஜெனீவாவுக்கு ஒண்டு, இடையில இருக்கிற ஆக்களுக்கு ஒவ்வொண்டு. எல்லாத்திலயும் ஒரே கேள்வி. கடைசியாகக் கண்ட இடம். ஒருத்தர் சொன்னார், மாத்தளனில செல் பட்டது எண்டு. இன்னொருத்தர் சொன்னார், வட்டுவாகல் பாலத்தடியில ஆமியிட்டச் சரணடைஞ்ச வரிசையில நிண்டவன் எண்டு. மூண்டாமவர் ரெண்டு வருசம் கழிச்சு வந்து, ஆமி பஸ்சில ஏத்தினதைத் தன்ர கண்ணால கண்டது எண்டார். ரஞ்சி ஒவ்வொரு தரமும் ஆகக் கடைசியாக் கேட்ட இடத்தை எழுதுவா. ஒரு ஆளைப் பற்றி நாலு படிவத்தில நாலு இடம். அதைப் பாத்திட்டு ஒரு கந்தோரில இருந்து கடிதம் வந்தது: தகவல்கள் ஒண்டுக்கொண்டு முரணாக இருக்கிறது, தயவுசெய்து திருத்தி அனுப்பவும்.

நான் பகிடிக்காரன். பகிடி விட ஏலாத வீட்டில எனக்கு வேலை ஒண்டும் இருக்கேல்லை. அவ சனிக்கிழமையள்ல கொம்பியூட்டரில முகாம் படங்களுக்குள்ள தம்பியின்ர முகத்தைத் தேடுவா. நான் மலையில முள்ளு வெட்டுவன். இதுதான் உண்மை.

3

இந்த நாட்டில வேட்டைக்காரன் ஆகிறது லேசில்லை. மிருகத்தைச் சுடுறதுக்கு முதல் ரெண்டு வருசம் அதுக்கு வேலைக்காரனா இருக்கோணும். முள்ளுப் பத்தை வெட்டு, மிருகம் நக்கிற உப்புக்கல்லைத் தோளில காவு, புல்லு வெட்டுற மெசின் வர முதல் மான்குட்டியளைத் தூக்கி அங்கால விடு. பிறகு எழுத்துப் பரீட்சை, வாய்மொழிப் பரீட்சை, சுடுற பரீட்சை. மிருகத்தின்ர பல்லைப் பாத்து வயது சொல்லோணும். என்ர சொந்தப் பல்லைப் பாத்து டொக்டர் சொன்ன வயதை நான் இங்க எழுதேல்லை.

துவக்கு வாங்கிறதைப் பற்றி விசாரிக்கப் பொலிஸ் கந்தோருக்குப் போனன். அப்ப எனக்கு இலங்கைப் பாஸ்போர்ட். வேட்டைக்கு, செப்டெம்பருக்கு முதல், எண்டு சொல்ல வெளிக்கிட்டு, டொச்சு, அதான் ஜேர்மன் பாஷை, முந்திப் பிந்தி வந்து, கண்ணாடிக்கு அங்கால இருந்த பெட்டையிட்ட நான் சொன்ன முதல் வசனம் இது: "எனக்கு ஒரு துவக்கு வேணும். கொஞ்சம் அவசரம்."

அவ கீபோட்டில இருந்து கையை எடுத்திட்டா.

பிறகு விளக்கம் சொல்லி, பத்தென்ற் எண்ட வேட்டை அனுமதிக் கடுதாசியளைக் காட்ட, அவ ஒரு தாளைத் திருப்பி வைச்சா. துவக்கு வாங்கக் கூடாத நாட்டுக்காரர்களின்ர பட்டியல். சுவிஸ்காரன் எண்டா வேட்டைத் துவக்குக்கு ஒரு ஒப்பந்தக் கடுதாசி எழுதினால் காணும். எனக்கு ஏலாது. எங்கட நாடு நல்ல பட்டியல் ஒண்டிலயும் மேல வாறேல்லை, இதில தேடாமலே கிடந்தது. "விதிவிலக்குக் கேட்டு எழுதலாம்" எண்டா. எனக்கு எழுதப் பஞ்சி, அலுப்பு. வீட்டில போதுமான படிவம் கிடந்தது.

"அப்ப சுவிஸ்காரனா வா" எண்டான் ரூடி. அது அவன்ர அண்டைய எட்டில ஒரு வசனம்.

மூண்டு வருசம் போச்சு. குடியுரிமை நேர்காணலில மூண்டு பேர் இருந்து, ஓய்வு நேரத்தில என்ன செய்வீங்கள் எண்டு கேட்டினம். மானுக்காக முள்ளு வெட்டுவன் எண்டன். பிறகு அவையள் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை, தங்களுக்குள்ள வேட்டை பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தினம்.

மகள் அபிக்கு இது பிடிக்கேல்லை. அவள் பேர்ணில படிக்கிறாள், இறைச்சி மீன் தொடமாட்டாள். நான் தமிழில கேட்டா டொச்சில பதில் வரும். பாஸ்போர்ட் வந்த அண்டைக்குக் கேக் வெட்டேக்க கேட்டாள், "அப்பா, ஆக்கள் வோட்டுப் போடப் பாஸ்போர்ட் எடுப்பினம். நீங்கள் கொல்லுறதுக்கோ எடுத்தனீங்கள்?" அதையும் டொச்சிலதான் கேட்டாள். தாய்க்கு விளங்காது எண்டு நினைச்சிருப்பாள். ரஞ்சிக்கு வடிவா விளங்கினது.

4

இனி, சுதன் கேட்ட விசயம். காசு குறைவான ஆள் என்ன துவக்கு வாங்கோணும்?

ரூடி எனக்குச் சொன்னது இதுதான். "காசில பாதியைக் கண்ணாடிக்குப் போடு. அதான், மேல பூட்டுற ஸ்கோப்புக்கு. மிச்சத்தில ஒரு பங்கைச் சுட்டுப் பழகிற ரவைக்கு வை. அதுக்குப் பிறகு மிஞ்சிற காசுக்கு வாற துவக்குத்தான் உனக்கு அளவான துவக்கு."

அவனிட்ட இருந்தது தகப்பன்ர பழைய இராணுவக் கரபீனர் துவக்கு. ஏழரை மில்லிமீற்றர். இந்த நாட்டில அப்பிடியானது மலிவாக் கிடைக்கும். வேட்டைக்குரிய ரவையைப் போட்டால் மரையும் விழும். மரை எண்டு நான் சொல்லுறது இங்க ஹிர்ஷ் எண்டுற பெரிய மானை. வன்னி மரையைப் பாத்த ஆக்களுக்கு அந்த உருவம் விளங்கும். இல்லாட்டி முன்னூற்றெட்டுக் கலிபரில பாவிச்ச ஒண்டு எடு எண்டான். எந்தக் கிராமத்துக் கடையிலயும் ரவை வாங்கலாம், வெடிக்கேக்க தோளில உதை குறைவு, நூறு தரம் சுட்டாலும் அடுத்த நாள் வேலைக்குப் போகலாம்.

"பெரிய மிருகத்துக்குப் பெரிய ரவைதானே நல்லம்?" எண்டு கேட்டன்.

"ரவைப் பெட்டியில என்ன நம்பர் எழுதியிருக்கு எண்டு மரை வாசிக்கிறேல்லை. எங்க பட்டது எண்டதுதான் அதுக்குத் தெரியும். உனக்குப் பயமில்லாத துவக்கை வாங்கு."

இவ்வளவையும் கேட்டுப்போட்டு நான் லா ஷோ-து-ஃபோன் எண்ட ஊருக்கு ரெயின் ஏறினன். ஒரு ஓய்வெடுத்த மணிக்கூட்டுக்காரன் முன்னூறு மக்னம் விக்கிறான் எண்டு விளம்பரத்தில கண்டிருந்தன். கடையில பாதி விலைக்கும் வராது. இருபது ரவைப் பெட்டியில ஏழு மட்டும் சுட்டுக் கிடந்தது. ஏன் விக்கிறீங்கள் எண்டு என்ர உடைஞ்ச பிரெஞ்சில கேட்டன். மனுசன் தோளைத் தொட்டுக் காட்டிச் சிரிச்சான்.

"உதைக்குது. எனக்குப் பயம் வந்திட்டுது."

எவ்வளவு நேர்மையான மனுசன். அவன் அப்பிடிச் சொல்ல, நான் அதை விலை குறைக்கிற சந்தர்ப்பமா எடுத்தன். உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம் வேற. கிபிர் பிளேன் வந்து குண்டு போடப் பங்கருக்குள்ள கிடந்தவனுக்கு இது ஒரு உதையோ?

பிறகு கன காலத்துக்குப் பிறகுதான் விளங்கினது: பெரிய மக்னம் துவக்குகள் ஏன் எப்பவும் புதுசு மாதிரியே விளம்பரத்துக்கு வருது எண்டு. வாங்கினவன் எல்லாம் ஏழு தரம் சுட்டுப்போட்டு விக்கிறான்.

சுடுதளத்தில முதல் வெடியிலயே ஸ்கோப் விளிம்பு வந்து புருவத்தை வெட்டினது. தையல் போடேல்லை, பிளாஸ்ரர் ஒட்டினதோட சரி. திங்கக்கிழமை தொழிற்சாலையில எல்லாரும், "மனுசி அடிச்சவவோ?" எண்டு கேட்டினம். அதைவிட மரியாதையான காரணம் என்னட்ட இல்லாததால ஓம் எண்டன்.

அதுக்குப் பிறகு என்ர உடம்பு என்னைக் கேக்கேல்லை. விரல் விசையைத் தொட முதலே கண் மூடும், கழுத்து உள்ளுக்குப் போகும். பங்கருக்குள்ள பழகின அதே பழக்கம். இருபத்தைஞ்சு வருசம் பீலில பஸ்சுக்கு வரிசையில நிண்டும் அது போகேல்லை. அதோட ரவையும் விலை. ஒரு வெடி ஒரு மத்தியானச் சாப்பாடு. அதால நான் பழகவும் இல்லை.

ரூடி ஒரு நாள் எனக்குத் தெரியாமல் சுட்டு முடிஞ்ச வெறும் கோதை உள்ளுக்குப் போட்டுத் துவக்கைத் தந்தான். நான் குறி பாத்து இழுத்தன். கிளிக் எண்டு ஒரு சத்தம் மட்டும். வெடிக்காத துவக்கின்ர வாய் ஒரு சாண் கீழ குத்தினது. நான் கண்ணைத் திறக்க, ரூடி என்னையே பாத்துக்கொண்டு நிண்டான்.

"இந்த முறை என்ர கரபீனரைக் கொண்டு போ" எண்டான். வருசாவருசம் காட்டவேண்டிய சுடுற சோதனையையும் அவன்ர கரபீனராலதான் பாஸ் பண்ணினன். கண் மூடேல்லை, நாலும் நடுவில. "ஓம், உன்ரயைத்தான் கொண்டு போவன்" எண்டன். ஓம் எண்டு சொல்லுறதில எங்களை வெல்ல ஆளில்லை.

5

கொண்டு போனது மக்னத்தை.

காரணம் கேட்டா நீங்கள் சிரிப்பியள். பீலில ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில ஒரு மேசை ஆக்களுக்கு நான் "முன்னூறு மக்னம்" எண்டு சொல்லி வாயைப் பிளக்க வைச்சிருந்தன். படம் அனுப்பிறன் எண்டும் சொல்லிப்போட்டன். அந்தப் படத்தில பழைய மரப்பிடிக் கரபீனரோட நிண்டா, "என்ன அண்ணை, ஊரில ஹோம்கார்ட் வைச்சிருந்த சாமான் மாதிரிக் கிடக்கு" எண்டுவினம். ரூடிக்கு அந்தக் கிழமை முழங்கால் ஒப்பரேசன். பாக்க ஆளில்லை.

பேர்ண் ஸ்டேசனில ரெண்டு பொலிஸ் மறிச்சினம். பச்சைத் தொப்பி, கறுத்த முகம், நீளப் பெட்டி. நானெண்டாலும் மறிச்சிருப்பன். பாஸ்போர்ட், பத்தென்ற் எல்லாம் பாத்திட்டு, இளைய பொலிஸ்காரன் என்ன கலிபர் எண்டு கேட்டான். சொன்னன். "கொஞ்சம் பெரிசு, என்ன?" எண்டான். கடவுள் கடைசி எச்சரிக்கையைப் பொலிஸ் உடுப்பில அனுப்பினவர். எனக்கு விளங்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரம் ரூடியின்ர மலைக் குடிசைக்குப் போய்ச் சேந்து, அடுத்த நாள் விடிய மேல ஏறினன். தூறல், மூடுபனிப் புகார். ஒரு மரக்கட்டையில துவக்கைச் சாத்தி வைச்சுக்கொண்டு கிடந்தன். முன் சரிவில, நூற்றைம்பது மீற்றர் இருக்கும், ஒரு ஆண் மரை பத்தைக்குள்ளால வெளியில வந்து நிண்டது. பக்கவாட்டில, படத்தில நிக்கிற மாதிரி. குறி வைச்சன். அதுமட்டும் நல்லாத்தான் இருந்தது.

பிறகு கண் மூடினது.

வெடிச் சத்தம். அதுக்குப் பின்னால இன்னொரு சத்தம், ஈரச் சாக்கில தடியால அடிச்ச மாதிரித் தொப் எண்டு. கண்ணைத் திறந்தன். சரிவில ஒண்டும் இல்லை. வலது கைப்பக்கம் எங்கயோ கல்லுகள் உருளுற சத்தம் மட்டும் கேட்டது.

படிப்பிச்சது நினைவில வந்தது. காயப்பட்ட மிருகத்துக்குப் பின்னால ஓடக்கூடாது. தேடுநாய் வைச்சிருக்கிற ஆளைக் கூப்பிடோணும். கூப்பிட்டன். ரெண்டு மணித்தியாலத்தில அனெற் எண்ட ஒரு மனுசி வந்தா. ஐம்பத்தைஞ்சு வயது, மாட்டுப் பண்ணைக்காரி. சம்பளம் இல்லாமல் செய்யிற வேலை. ஒரு சிவலை நாய், காது தொங்கினது. நாய் என்னை மணந்து பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பினது. அதுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.

அனெற் கேட்டது மூண்டே கேள்வி. "வெடி வைக்கேக்க அது எங்க நிண்டது? பட்ட உடன என்ன செய்தது? எந்தப் பக்கம் போனது?"

கண் மூடி இருந்தது எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் எடுத்து, பரீட்சை பாஸ் பண்ணி, பச்சைத் தொப்பி போட்டவன் எப்பிடிச் சொல்லுறது? கண்ணில பட்ட கல்லையும் வாயில வந்த பக்கத்தையும் சேத்து, புத்தகத்தில படிச்சதை ஒப்புவிச்சன். "அந்த வெள்ளைக் கல்லடியில நிண்டது. முன்னங்கால் மடங்கினது. எழும்பி இடது பக்கம் ஓடினது."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"நிச்சயம்."

இப்பிடி மூண்டு தரம் கேட்டா. மூண்டு தரமும் நிச்சயம் எண்டன். வெள்ளைக் கல்லடியில ஒரு துளி இரத்தம் இல்லை, ஒரு மயிர் இல்லை. நாய் இடது சரிவு முழுக்கச் சுத்தி வந்து, அனெற்றின்ர காலடியில குந்தினது. தூறல் பனியா மாறினது. மூண்டு மணியளவில அனெற் சொன்னா, "நீ தவறவிட்டிருக்கிறாய் போல. அது நல்ல செய்தி. ஏதும் ஞாபகம் வந்தா ரெலிபோன் எடு."

கையைக் குடுத்தா. அந்தக் கையைப் பிடிக்கேக்க எனக்கு வந்தது நிம்மதி. அதைத்தான் இண்டைவரைக்கும் மன்னிக்கேலாமல் கிடக்கு.

6

ஆறு மணிக்கு வீட்டை வந்திட்டன். ரஞ்சி புட்டு அவிச்சு வைச்சிருந்தா.

"என்னப்பா, கிடைச்சுதோ?"

"இல்லை. தவறீட்டுது. மரைக்கு என்னைப் பாத்துப் பாவமா இருந்திருக்கும், விலகி நிண்டது."

அவ சிரிக்கேல்லை. நான் புட்டைக் குழைச்சுக்கொண்டு இருந்தன். வாய்க்குப் போகேல்லை.

"பட்டதோ?"

"தவறீட்டுது எண்டுறன்."

"அப்ப ஏன் சாப்பிடுறியள் இல்லை?"

எல்லாத்தையும் சொன்னன். கண் மூடினது, தொப் எண்ட சத்தம், வலது பக்கம் கல்லு உருண்டது, வெள்ளைக் கல்லு, இடது பக்கம், மூண்டு நிச்சயம். அவ அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து எனக்கு முன்னால இருந்தா. துவக்கு வீட்டுக்கு வந்த நாளில இருந்து அது பூட்டி வைச்ச அறைப் பக்கம் போகாதவ, அண்டைக்குத்தான் முதல் தரம் வேட்டையைப் பற்றி என்னட்ட கேள்வி கேட்டா.

"காயப்பட்ட ஒரு மரையைத் தேட ஆள் வருமோ?"

"ஓம். நாயும் வரும். அது சட்டம்."

"எவ்வளவு நேரம் தேடுவினம்?"

"இடம் சரியாத் தெரிஞ்சா, கிடைக்குமட்டும்."

"அது இப்ப உயிரோட கிடக்குமோ?"

எனக்குப் பதில் தெரியும். வயித்தில பட்டிருந்தா ஒரு நாள் கிடக்கும். சில நேரம் கூடவும் கிடக்கும். புத்தகத்தில நூற்றிப் பன்ரெண்டாம் பக்கம். பரீட்சையில இதுக்கு முழு மார்க்ஸ் எடுத்தனான்.

"கிடக்கும்" எண்டன்.

ரஞ்சி என்ர ரெலிபோனை எடுத்துப் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சா. "எடுங்கோ. எனக்கு முன்னால எடுத்துச் சொல்லுங்கோ."

எடுத்தன். சொன்னன். அங்கால நாய் தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அனெற், "நாளைக்கு எட்டு மணி. அதே இடம். உன்ர துவக்கைக் கொண்டு வராதே" எண்டா.

வைச்ச உடன ரஞ்சி எழும்பி வேலைக்கு ரெலிபோன் எடுத்தா. அவ முதியோர் இல்லத்துச் சமையலறையில வேலை. உடம்புக்கு வருத்தம் எண்டு லீவு சொன்னதை நான் அண்டைக்குத்தான் முதல் தரம் கேட்டன்.

"நானும் வாறன்" எண்டா.

7

விடியப்புறம் இரவல் வாங்கின காரில வெளிக்கிட்டம். ரஞ்சிக்குக் கால்ல பனிச் சப்பாத்து, மேல அபியின்ர பழைய ஜக்கெற். அனெற் அவவுக்குக் கை குடுத்தா. என்னைப் பாத்துத் தலையை மட்டும் ஆட்டினா.

"நேற்றுக் கிடந்த மாதிரிக் கிட" எண்டா எனக்கு. கிடந்தன். துவக்குக்குப் பதிலாகப் பைனாகுலர் தந்தா. "உன்ர மனுசி முன் சரிவுக்குப் போகட்டும். மரை எங்க நிண்டதோ அங்க அவவைக் கொண்டுபோய் நிப்பாட்டு. கையால காட்டு. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு."

ரஞ்சி சரிவில நடக்கத் தொடங்கினா. நான் கையைக் காட்டக் காட்ட மேல போனா, கீழ வந்தா. வெள்ளைக் கல்லைத் தாண்டி, இன்னும் ஒரு அறுபது மீற்றர் வலது பக்கம். கண் மூட முதல் கடைசியாக் கண்டதை நினைச்சுப் பாத்தன்: மரைக்குப் பின்னால ஒரு முறிஞ்ச மரம், அதில ஒரு கொப்பு மட்டும் மேல நோக்கி. ரஞ்சி அந்தக் கொப்புக்கு முன்னால வந்தா. கையை உயத்தினன். நிண்டா.

பைனாகுலருக்குள்ள அவ வடிவாத் தெரிஞ்சா. என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா. மரை நிண்ட இடத்தில, பக்கவாட்டில இல்லை, நேர எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு.

பிறகு அவ குனிஞ்சா. கொஞ்ச நேரம் குனிஞ்சபடி நிண்டா. நிமிந்து, "இஞ்ச" எண்டு கத்தினா. தமிழில. அனெற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை.

பனியைத் தட்டிப் பாத்தா அடியில ஒரு பிடி மயிர், கபில நிறம். ஒரு இலையில பச்சையும் சிவப்பும் கலந்த கறை. அனெற் விரலால தொட்டு மணந்தா. "வயிறு" எண்டா. நாய் மூக்கை வைச்ச உடன வார் இறுகினது. நேற்றுக் காலடியில குந்தின நாய் மாதிரியே இல்லை அது.

வலது பக்கம், கீழ, ஓடைக்குள்ளால. ரஞ்சி அனெற்றுக்குப் பின்னால, நான் ரஞ்சிக்குப் பின்னால. ரெண்டு தரம் அவ விழுந்தா, ரெண்டு தரமும் என்ர கையைப் பிடிக்காமல் எழும்பினா. வழியில ரெண்டு இடத்தில மரை படுத்து எழும்பின பள்ளம் இருந்தது. ரெண்டிலயும் இரத்தம். மூண்டாவது பள்ளத்தில அது கிடந்தது.

உயிரோட கிடந்தது. தலையைத் தூக்கி எங்களைப் பாத்தது. எழும்பப் பாத்தது, பின்பக்கம் எழும்பேல்லை.

அனெற் தன்ர கட்டைத் துவக்கை எடுத்து என்னைப் பாத்தா. "நீயோ, நானோ?"

"நீங்கள்" எண்டன். எனக்கு அதுவும் ஏலாமல் போச்சு.

ஒரே வெடி. நான் கண்ணை மூடினன். திறந்து பாக்கேக்க ரஞ்சி நிண்ட இடத்திலேயே நிண்டா, கண் திறந்திருந்தது. முழுக்கப் பாத்திருக்கிறா.

அனெற் ஒரு ஸ்புறூஸ் மரக் கொப்பை முறிச்சு மரையின்ர வாயில வைச்சா. இங்கத்தைய வழக்கம், கடைசித் தீன் எண்டுவினம். பிறகு ஒரு கல்லில குந்திக்கொண்டு ஒரு படிவம் நிரப்பினா. ரஞ்சி கிட்டப் போய் எட்டிப் பாத்திட்டு என்னட்டக் கேட்டா, "என்ன எழுதுறா? ஒவ்வொரு வரியாச் சொல்லுங்கோ."

சொன்னன். சுட்டவரின்ர பேர். சுட்ட இடம். சுட்ட நேரம். தேடத் தொடங்கின நேரம், எட்டு மணி. கிடைச்ச நேரம், பத்து. கிடைச்ச இடம். கிடைக்கேக்க உயிரோடயோ, இல்லையோ. காயம் எங்க. முடிச்சது ஆர். கையெழுத்து.

"எல்லா வரியும் நிரப்பிட்டாவோ?"

"ஓம்."

"ஒண்டும் வெறுமனே இல்லையோ?"

"இல்லை."

அவ ஓடைப் பக்கம் திரும்பி நிண்டா. அனெற் என்னட்ட என்னவோ கேக்க வெளிக்கிட்டு, அவவைப் பாத்திட்டு நிப்பாட்டினா. பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "நேற்று உண்மையைச் சொல்லியிருந்தா இது ஒரு இரவு முழுக்கக் கிடந்திருக்காது" எண்டா. ஏசேல்லை. சாதாரணமாச் சொன்னா.

அந்த இறைச்சியை நாங்கள் சாப்பிடேல்லை. வயித்தில பட்டு ஒரு இரவு கிடந்தது. சாப்பிட ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்.

8

இண்டைக்குக் காலமை சுதனுக்குத் திருப்பி ரெலிபோன் எடுத்தன். "தம்பி, தோள் நோ இல்லை. எனக்கு அந்தத் துவக்குக்குப் பயம். நீங்கள் ஏழரையிலயோ முன்னூற்றெட்டிலயோ ஒரு பழசு பாருங்கோ. மிச்சக் காசுக்கு ரவை வாங்கி நல்லாப் பழகுங்கோ" எண்டன். அவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "அப்ப மக்னத்தை இன்னும் குறைச்சுத் தருவியளோ அண்ணை?" எண்டு கேட்டார். எங்கட ஆள்தானே.

குடுக்கேல்லை. விளம்பரத்தையும் எடுத்திட்டன். பொலிசில ஒப்படைச்சா உருக்கிப்போடுவினமாம். அதுக்கும் ஒரு படிவம் இருக்கு.

அந்த நாள் மலையால இறங்கேக்க, காரில வைச்சு ரஞ்சி சொன்னதையும் எழுதினாத்தான் இது முடியும். ஏரியடிக்கு வந்த பிறகு நான் பழைய பழக்கத்தில ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தன். அவ றோட்டைப் பாத்துக்கொண்டே சொன்னா:

"சுட்டவன் இடத்தைக் காட்டினா ரெண்டு மணித்தியாலம். அவ்வளவுதான் வேலை."